ஈரத்துணி

எங்கள் மதுக்கடைக்கு ஊமை அன்னம் என்று பெயர்.
வாசல் பலகையில் எழுதியிருக்கிறதாம், எனக்குப் படிக்கத் தெரியாது.
அன்னத்தின் படம் தெரியும்.
எண்கள் தெரியும், ஒன்று முதல் ஒன்பது வரை, பிறகு சுழி.
ஹார்லெமில் அந்தக் குளிர்காலத்துக்கு
அவ்வளவு படிப்பு போதும்.

பின்னறை முழுக்கப் புகை.
உலராத கம்பளிச் சட்டைகளின் ஆட்டு வாடை.
விற்ற துலிப்பை விற்றவனும் பார்த்ததில்லை.
கிழங்கு மண்ணுக்கடியில்,
மண் பனிக்கடியில்,
விலை மட்டும் மேஜைமேல்.
கடலையே காணாத கிழங்குகளுக்குக்
கடற்படைத் தளபதி என்று பட்டம் வேறு.

வழக்கம் இதுதான்.
வாங்குபவர் முன் ஒரு மரத்தட்டு, விற்பவர் முன் ஒன்று.
நடுவர்கள் சுண்ணக்கட்டியால் விலை எழுதுவார்கள்.
சம்மதமென்றால் விட்டுவிடு,
இல்லையென்றால் விரலால் அழி.
நேரத்தை மிச்சம் பிடிக்க நூறுகளை எழுதுவதில்லை,
ஒற்றை எண் போதும்.

அன்றிரவு தெருவில் பிணம் போனது.
கொள்ளைநோய்க் காலம், அந்த வாரத்தில் எத்தனையாவதோ.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு எல்லாரும் வாசலுக்குப் போனார்கள்.
விடியலிலிருந்து துடைத்துக்கொண்டிருந்த கை
மேஜை எது தட்டு எது என்று கேட்கவில்லை.
இரண்டையும் துடைத்துவிட்டேன்.

திரும்பி வந்தார்கள். தட்டுகள் ஈரத்தில் மினுங்கின.
"ஒன்பது நூறு" என்றார் ரொட்டிக்காரர் லம்பெர்ட்.
"ஆறு நூறு" என்றார் நெசவாளி கோவர்ட்.
எழுதிய நடுவர்களில் ஒருவர் உறக்கம்,
மற்றவர் இரண்டுக்கும் தலையாட்டினார்.
"ஹில்லெகொண்ட், நீ பார்த்தாயே, என்ன இருந்தது?"

ஒரு வளைவு, ஒரு வால்.
நான் நின்ற பக்கத்திலிருந்து ஒன்பது.
"ஒன்பது" என்றேன்.
லம்பெர்ட் கடையில் முந்தாநாள் ரொட்டி எனக்கு இலவசம்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

கோவர்ட் கோபிக்கவில்லை. சிரித்தார்.
நாளைக்கே பன்னிரண்டுக்குப் போகும் பொருளுக்கு
ஒன்பதென்ன ஆறென்ன?
தறியை ஈடு வைத்தார். குடிக்க வாங்கிக் கொடுத்தார்,
நடுவருக்கும், உறங்கியவருக்கும், எனக்கும் அரைக் கோப்பை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
ஏலம் கூறுபவர் பன்னிரண்டு என்றார்.
பதினொன்று என்றார்.
பத்து.
யாரோ குவளையைக் கீழே வைத்த சத்தம்
தேவாலயத்தில் இருமியதுபோல் கேட்டது.
அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்,
குடித்ததற்குக் காசு வைக்காமல்.

மே மாதம் அது பூத்தது.
லம்பெர்ட்டின் தோட்டத்தில், கால்வாய்க்கு அப்பால்,
வெள்ளையில் சிவப்பு கிழித்தாற்போல.
அழகுதான். பொய் சொல்ல மாட்டேன்.
வேலிக்கு இந்தப் பக்கம் கோவர்ட் நின்றிருந்தார்.
பணம் கொடுக்கவில்லை, அதனால் அது அவர் பூ இல்லை.
கையெழுத்துப் போட்டிருந்தார், அதனால் லம்பெர்ட்டின் பூவும் இல்லை.
ஒரு வண்டு உள்ளே போய்
உடம்பெல்லாம் கறுப்புப் பொடியோடு வெளியே வந்தது.

பிறகு நோட்டரி முன் என்னை நிறுத்தினார்கள்.
ஒன்பதையும் கொடுக்கமுடியாத மனிதரிடம்,
ஆறையும் கொடுக்கமுடியாத மனிதரிடம்,
அது ஒன்பதா ஆறா என்று வழக்கு.

"நான் நின்ற பக்கத்திலிருந்து ஒன்பது" என்றேன்.
"அவர் உட்கார்ந்த பக்கத்திலிருந்து?"
"அங்கே நான் உட்கார்ந்ததில்லை ஐயா.
பணிப்பெண்கள் உட்காருவதில்லை."

இறகுப்பேனா கொஞ்ச நேரம் காற்றில் நின்றது.
எழுதி முடித்துக் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.
பெயர் எழுதத் தெரியாவிட்டால்
தெரிந்த ஏதாவது ஒரு குறி போடு என்றார்.

போட்டேன்.
ஒரு வளைவு, ஒரு வால்.

மை காய மணல் தூவி,
காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.